தள்ளத் தெரிந்த வானொலி

சிற்றலை வானொலியோடு மாலைப்பொழுதைக் கழித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கும். முள்ளை மெல்ல நகர்த்துகிறோம். ஒரு நிலையம் கணீரென்று வருகிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அதே குரல், அதே வாக்கியம், சற்று மங்கலாக வேறோர் இடத்தில் மறுபடி வருகிறது. பெரிய நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பல அலைவெண்களில் ஒலிபரப்புவது வழக்கம்தான். ஆனால் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் அந்த இரண்டாவது இடத்தில் எந்த நிலையமும் இருக்காது. யாரும் ஒலிபரப்பாத இடத்தில் நம் பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

விலை மலிவான பெட்டிகளில்தான் இது அதிகம். அதனால் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துத் திருகினால், மலிவான பெட்டியில் நிலையங்கள் கூடுதலாகக் கிடைப்பதுபோல இருக்கும். கடைக்காரரும் அதையே காட்டி விற்பார். பயணத்துக்கு எடுத்துச் செல்ல நல்ல சிற்றலைப் பெட்டி எது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் புதிரிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்குவேன்.

இப்போதும் சிற்றலையா?

பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையில் நின்றுபோனது. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. ஊர்கள் அரிதான வடக்குப் பிரதேசத்தில் வண்டியோட்டுகிறவர்களும் மீனவர்களும் அதை எதிர்த்தார்கள். தேய்ந்துவரும் ஊடகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உக்ரைன் போர் வெடித்த சில நாட்களில், 2022 மார்ச் தொடக்கத்தில், கீவ் நகருக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் கேட்கும்படி 15,735, 5,875 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவெண்களில் நாளுக்கு 4 மணி நேரம் ஆங்கிலச் செய்தியை பி.பி.சி. புதிதாகத் தொடங்கியது. செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும், இணையத்தைத் துண்டித்தாலும், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் இந்த அலை வந்துகொண்டிருக்கும். மலைக்கும் கடலுக்கும் போகிறவர் பையில் ஒரு சிறு பெட்டி இருப்பது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வானத்தில் திரும்பும் அலை

சென்னையிலிருந்து தெற்கே காரில் போனால் செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சென்னைப் பண்பலை கரகரக்கத் தொடங்கும். பண்பலை நேராகப் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. அது மேலே ஏறி, அயனிமண்டலத்தில் வளைந்து, தரைக்குத் திரும்புகிறது. சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் உருவாகும் மின்னூட்டப் பகுதியே அயனிமண்டலம். அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் காட்டினார். 1947-இல் நோபல் பரிசு பெற்றார்.

அயனிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை ஒரே தாவலில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை கடந்துவிடும். அந்த அடுக்குக்கும் நமக்கும் நடுவே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பகலில் அது தாழ்ந்த அலைவெண்களை விழுங்கிவிடும்; பொழுது சாய்ந்ததும் கலைந்துபோகும். அதனால்தான் நண்பகலில் 19, 16 மீட்டர் என்ற உயர் அலைவெண் பட்டைகளும், இரவில் 49, 41, 31 மீட்டர் என்ற தாழ்ந்த அலைவெண் பட்டைகளும் களைகட்டுகின்றன. மதியம் 2 மணிக்குக் கடையில் நின்று 49 மீட்டரைத் திருகிவிட்டு, பெட்டி சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

நம் ஊருக்கென்றே ஒரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுவே காரணம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்ததும் மேலடுக்கு விறுவிறுவென்று உயர்ந்து, சில இரவுகளில் திட்டுத்திட்டாகக் குலைந்துபோகும். அப்போது நிலையத்தின் குரல் படபடவென்று சிறகடிப்பதுபோல் நடுங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியிலும் அது நடுங்கத்தான் செய்யும். பெட்டியைச் சோதிக்கிறவர் வானத்தின் குற்றத்தைப் பெட்டியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பெட்டிக்குள் ஒரு கழித்தல்

இப்போது புதிருக்கு வருவோம். ஏரியலில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிலையங்களின் அலைகள் வந்து சேர்கின்றன. வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு அலைவெண்ணிலும் துல்லியமாகச் சலிக்கும் வடிகட்டியைச் செய்வது கடினம். ஒரே ஓர் அலைவெண்ணுக்கு மட்டும் என்றால் சுலபம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-இல் இதற்கு வழி கண்டார்: எந்த நிலையமானாலும் சரி, அதை ஒரே நிலையான அலைவெண்ணுக்கு இறக்கிக் கொண்டுவந்து, அங்கே வடிகட்டுவது. அந்த நிலையான அலைவெண்ணை இடை அலைவெண் என்போம். பெரும்பாலான பெட்டிகளில் அது 455 கிலோஹெர்ட்ஸ்.

எப்படி இறக்குவது? வீணையில் இரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது, அவை கொஞ்சம் விலகியிருந்தால் 'வ்வோம் வ்வோம்' என்று ஓர் அசைவு கேட்கும். ஒரு தந்தி நொடிக்கு 200 தடவையும் மற்றொன்று 203 தடவையும் அதிர்ந்தால், அந்த அசைவு நொடிக்கு 3 தடவை. இரண்டும் சேர்ந்தால் வித்தியாசம் தலைகாட்டுகிறது. வானொலியும் அதைப்போல ஒரு வேலையைச் செய்கிறது. பெட்டி தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு கலக்கிறது. கலவையிலிருந்து வெளிவரும் வித்தியாசம் 455 ஆக இருக்குமாறு உள் அலையை வைத்துக்கொள்கிறது. நாம் திருகைத் திருப்பும்போது நகர்வது அந்த உள் அலைதான்.

ஒரு நிலையத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீனாவின் ஷான்சி மாகாணத்தில் புசெங் என்ற இடத்திலிருந்து பி.பி.எம். என்ற நேரக்குறி நிலையம் 10,000 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. பாட்டு, பேச்சு எதுவும் இல்லை. நொடிக்கொரு துடிப்பு, நிமிடத்தின் தொடக்கத்தில் ஒரு நீண்ட துடிப்பு, மணியின் 29-ஆவது, 59-ஆவது நிமிடங்களில் நிலையத்தின் அறிவிப்பு. இடையே சில நிமிடங்கள் துடிப்பு ஓய்ந்தும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர், அதாவது ஒரே தாவல் தூரம். மாலையானால் இங்கே நன்றாகக் கேட்கும்.

பெட்டியை 10,000-இல் வைக்கிறோம். உள் அலை 10,455-இல் நிற்கிறது. 10,455-இலிருந்து 10,000-ஐக் கழித்தால் 455. வடிகட்டி அதை உள்ளே விடுகிறது, துடிப்பு கேட்கிறது.

இப்போது பெட்டியை 9,090-க்கு நகர்த்துவோம். உள் அலையும் நகர்ந்து 9,545-க்கு வருகிறது. 9,545-இலிருந்து 9,090-ஐக் கழித்தால் 455. அங்கே ஏதாவது நிலையம் இருந்தால் கேட்கும். ஆனால் பி.பி.எம். இன்னும் 10,000-இல் துடித்துக்கொண்டுதானே இருக்கிறது? அதையும் இந்த உள் அலையோடு கலந்து பாருங்கள். 10,000-இலிருந்து 9,545-ஐக் கழித்தாலும் 455! மேலே இருந்து கழித்ததா, கீழே இருந்து கழித்ததா என்று வடிகட்டிக்குத் தெரியாது. இரண்டையும் விட்டுவிடும். யாருமே துடிக்காத 9,090-இல் துடிப்பு கேட்பது இதனால்தான். இதைப் பிம்ப நிலையம் என்று அழைக்கலாம். உண்மையான இடத்துக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரம் எப்போதும் இடை அலைவெண்ணின் இரு மடங்கு: 910 கிலோஹெர்ட்ஸ்.

இத்தகைய பெட்டியில் பிம்பத்தைத் தடுக்க ஒரே இடம், கலப்பதற்கு முன்னால் உள்ள வாசல். அங்கே ஒரு சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த எளிய சுற்று காவல் நிற்கிறது. மத்திய அலையில் 1,000 கிலோஹெர்ட்ஸைக் கேட்கும்போது பிம்பம் 1,910-இல், கிட்டத்தட்ட இரு மடங்கு தூரத்தில் இருப்பதால் அந்தக் காவல் போதும். சிற்றலையில் 10,000-க்கு 910 என்பது நூற்றில் 9 பங்குதான். 17,000-க்குப் போனால் 5 பங்கு. மேலே போகப்போக வாசல் திறந்துகொள்கிறது, பிம்பங்கள் பெருகுகின்றன. 19 மீட்டர் பட்டை 15,100-இல் தொடங்குகிறது; அதன் பிம்பம் 14,190-இல் விழும். அமெச்சூர் வானொலியாளர்கள் உலகெங்கும் பேசிக்கொள்ளும் 14,000 முதல் 14,350 வரையிலான பகுதிக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்துகொள்ளும். மலிவான பெட்டியில் அவர்களைக் கேட்க முயன்று அலுத்துப்போனவர்கள் பெரும்பாலும் இந்தப் பிம்பங்களால் அலுத்தவர்களே.

பிம்பத்தை விரட்டும் இரண்டு வழிகள்

ஒரு வழி, இரண்டு முறை மாற்றுவது. 2001-இல் வந்த சோனி ஐ.சி.எஃப்-எஸ்.டபிள்யூ 7600 ஜி.ஆர். பெட்டியைப் பாருங்கள். அது வரும் அலையை முதலில் கீழே இறக்காமல் 55.845 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியது. அதன்பிறகே 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியது. இதனால் 10 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்கும்போது பிம்பம் 121.69 மெகாஹெர்ட்ஸில், விமானங்கள் பேசும் பகுதியில் போய் நிற்கும். அவ்வளவு தூரத்தில் இருப்பதை வாசலிலேயே தடுப்பது எளிது. பயணிகள் பல ஆண்டுகள் அந்தப் பெட்டியைக் கொண்டாடியதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது வழி, கணக்கு. இப்போதைய சிறு பெட்டிகளில் வரும் சிப்புகள் அலையை எண்களாக மாற்றி, பிம்பத்தைக் கணக்கிட்டே கழித்துவிடுகின்றன. டெக்சன் பி.எல்-330 போன்ற, சட்டைப்பைக்குச் சற்றே பெரிதான பெட்டிகள் இந்த வகை. ஒரு காலத்தில் செங்கல் கனத்தில் இருந்த திறமை இன்று கால் கிலோவுக்குள் வந்திருப்பது இதனால்தான்.

நுண்ணுணர்வு என்ற மயக்கம்

பெட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது நுண்ணுணர்வு, அதாவது எவ்வளவு மெல்லிய அலையைப் பிடிக்கும் என்பது. சிற்றலையில் இது ஓர் எல்லைக்கு மேல் பயனில்லாதது. உலகெங்கும், அதிலும் வெப்பமண்டலத்தில், இடைவிடாமல் வெட்டும் மின்னல்களின் இரைச்சல் நிலையங்கள் வரும் அதே வழியில் நம்மிடமும் வருகிறது. போதாக்குறைக்கு அறைக்குள் எல்.இ.டி. விளக்கு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், இணைய மோடம். இந்த இரைச்சலுக்குக் கீழே மூழ்கிய குரலை எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

போதுமான நுண்ணுணர்வு இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். திறந்தவெளியில் பேட்டரியில் ஓடவிட்டு, நிலையம் இல்லாத ஓர் இடத்தில் வையுங்கள். ஏரியலை மடக்கிக் கேளுங்கள். பிறகு முழுக்க நீட்டிக் கேளுங்கள். நீட்டியதும் இரைச்சல் கூடினால், பெட்டி வானத்தின் இரைச்சலையே கேட்கிறது என்று பொருள். அதற்குமேல் நுண்ணுணர்வுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஏரியலை மடக்கியிருக்கும்போதே ஆங்காங்கே விசில் கேட்டால், அது பெட்டியின் சொந்தத் திரையும் சிப்பும் போடும் சத்தம்; அந்தக் குறை தீராது.

விடுதி அறையில் எதுவும் கேட்கவில்லை என்று புகார் சொல்பவர்கள் முதலில் சார்ஜரைக் கழற்றட்டும். அடுத்து சன்னலோரமோ மாடிக்கோ போகட்டும். 5 அல்லது 6 மீட்டர் மெல்லிய கம்பியை ஏரியலில் கவ்வவைத்தால் போதும். 30 மீட்டர் கம்பி கட்டினால் சின்னப் பெட்டி திணறும்: வலிமையான நிலையங்கள் உள்ளேயே ஒன்றோடொன்று கலந்து, புதிய போலி நிலையங்களை உண்டாக்கும். அப்போது உதவுவது, வரும் அலையைக் குறைக்கும் சிறு பொத்தான். இடி மின்னல் வந்தால் கம்பியை உடனே கழற்றிவிட வேண்டும்.

பக்கத்து நிலையத்தை ஒதுக்குதல்

சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. உரசல் நிச்சயம். வேண்டாத பக்கத்து நிலையத்தை ஒதுக்கும் இந்தத் திறனைத் தெரிவுத்திறன் என்போம். வடிகட்டியின் அகலத்தை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும்: பக்கத்தில் யாரும் இல்லாதபோது அகலமாக வைத்து இசையை முழுசாகக் கேட்கலாம், நெருக்கும்போது குறுக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு வசதி ஒற்றைப் பக்கப்பட்டை. ஒலிபரப்பு நிலையங்கள் குரலோடு ஊர்தி அலை என்ற வலிமையான அலையையும் சேர்த்து அனுப்புகின்றன. அமெச்சூர்கள் மின்திறனைச் சேமிக்க அதை விட்டுவிட்டு, குரலின் ஒரு பாதியை மட்டும் அனுப்புகிறார்கள். சாதாரணப் பெட்டியில் அது வாத்துக் கத்தலாகத்தான் கேட்கும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். அத்தகைய பேச்சைக் கேட்க இந்த வசதி அவசியம். ஒலிபரப்பைக் கேட்பதற்கும் அது உதவும்: அயனிமண்டலத்தின் சேட்டையால் ஊர்தி அலை மட்டும் சில நொடி மங்கும்போது குரல் கொரகொரவென்று சிதையும். அப்போது ஒற்றைப் பக்கப்பட்டைக்கு மாறி, அலைவெண்ணைத் துல்லியமாகப் பொருத்தினால், காணாமற்போன அலையைப் பெட்டியே இட்டு நிரப்பிக்கொள்ளும். இதைத் தானாகவே செய்யும் ஒத்திசைவு வசதியும் சில பெட்டிகளில் உண்டு. மேலே சொன்ன சோனி பெட்டியின் புகழில் பாதி அதற்குரியது.

பயணப் பையில் போடும்போது

பொத்தான்களைப் பூட்டும் வசதி இல்லாத பெட்டியைப் பயணத்துக்கு வாங்காதீர்கள். துணிகளுக்கிடையில் தானே விழித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைத் தின்றுவிடும். பேட்டரி எங்கும் கிடைக்கிற வகையாக இருக்க வேண்டும். பி.எல்-330 எடுத்துக்கொள்ளும் பி.எல்-5சி, பழைய நோக்கியா செல்பேசிகளில் இருந்த அதே பேட்டரி. சிற்றூர் செல்பேசிக் கடையிலும் அதைக் கேட்டு வாங்கிவிடலாம். மத்திய அலையில் 9, 10 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு படிகளுக்கும் மாறத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு 9, அமெரிக்கக் கண்டங்களுக்கு 10. ஜப்பான் போகிறவர் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறதா என்று பார்க்கட்டும். சிற்றலை அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். நினைவகத்தில் எத்தனை நூறு நிலையங்கள் என்ற பெருமையெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

என் முடிவு இது. பயணத்துக்கென்றால் ஒற்றைப் பக்கப்பட்டையும் பூட்டுப் பொத்தானும் உள்ள, சிப்பு வகைச் சிறு பெட்டியே போதும். பெரிய பெட்டி வீட்டுக்கு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால், கடைக்குள் கேட்டு முடிவுசெய்யாமல் மாலையில் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து கேளுங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு மாலையை ஒதுக்குங்கள். முதலில் 10,000-இல் பி.பி.எம். துடிப்பு நன்றாகக் கேட்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு 9,090-க்குப் போங்கள். அங்கும் அதே துடிப்பு கேட்டால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.